சிப்பாய் குட்டி போட்டது

ஏழு குட்டிகளும் கம்பித் தரையில் ஆளுக்கொரு பக்கமாகக் கிடந்தன.

முடியில்லை. கண் திறக்கவில்லை. தொட்டால் சில்லென்றிருந்தன.

சிப்பாய் கூண்டின் மூலையில் உட்கார்ந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தது.

ஆண் முயல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்று வாரமாகிறது. அதன் விறைத்த காதுகளைப் பார்த்து மகள் மிதுனாதான் அந்தப் பெயரை வைத்தாள்.

அவன் கடைக்கு போன் போட்டான். கடைக்கார குப்புராஜ் முதலில் சிரித்தார்.

"தலையீத்துங்க, மொதப் பிரசவம். வயித்துல இருந்து என்ன விழுந்துச்சுன்னு அதுக்கே தெரியாது. நீங்கதான் பாத்துக்கோணும்."

நன்றாயிருக்கிறது. ஆண் என்று விற்றவருக்குச் சிரிப்பு. ஒன்பது மணிக்கு ஆபீஸ் போக வேண்டியவனுக்குப் பிரசவ வேலை.

புதன்கிழமை.

ஞாயிறு பத்து மணிக்கு மிதுனா வருவாள். பன்னிரண்டுக்குக் கீழே அவள் அம்மாவின் ஸ்கூட்டர் ஹாரன் அடிக்கும். எட்டு வயது மகளோடு வாரத்துக்கு இரண்டு மணி நேரம். கோர்ட் கொடுத்தது அவ்வளவுதான்.

வந்ததும் கூண்டைத்தான் பார்ப்பாள். செத்த குட்டிகளை அவளுக்குக் காட்ட முடியாது. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வர அவளுக்கு எப்படி மனசு வரும்.

குட்டிகளைத் துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அரைமணி நேரத்தில் ஆறு நெளிந்தன.

ஏழாவது நெளியவில்லை.

ஷூ டப்பாவில் காய்ந்த புல்லை நிரப்பினான். தாயின் முடியும் வேண்டும் என்றிருந்தார் குப்புராஜ். சிப்பாயை மடியில் மல்லாத்தி, வயிற்றில் தளர்ந்திருந்த முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தான். அது உதைத்த உதையில் முழங்கை வரை கோடு கோடாக ரத்தம்.

"உன் பிள்ளைக்குத்தான்டி," என்றான்.

வியாழன் காலை ஆறு வயிறும் சுருங்கிக் கிடந்தன.

லீவு போட்டான். கூண்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். சிப்பாய் டப்பாவுக்குள் குதித்தது. அவனைப் பார்த்தது. வெளியே குதித்தது. மதியத்துக்குள் நான்கு தடவை. ஐந்தாவது தடவை டப்பாவுக்குள் புழுக்கை போட்டுவிட்டு வந்தது.

மறுபடி போன்.

"நீங்க எதுக்குங்க அங்கயே உக்கோந்திருக்கீங்க? அது பொழுதன்னைக்கும் குட்டிகூட இருக்காதுங்க. டப்பாவ வேற ரூம்ல வெச்சுருங்க. காலைல ஒருக்கா உள்ள விடுங்க. அஞ்சு நிமிசம் போதும்."

"அஞ்சு நிமிஷத்துல என்னங்க ஆகும்?"

கத்திவிட்டான்.

ரெண்டு மணி நேரத்துல என்னங்க ஆகும் என்று வக்கீலிடம் கேட்டதும் இதே குரலில்தான்.

அதற்காக அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எதைத்தான் அவன் திணிக்கவில்லை. மால், ஐஸ்கிரீம், பந்து விளையாட்டு, பிரியாணி. ஒன்று முடியும் முன்பே அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு ஓடுவான். நடுநடுவே வாட்சைப் பார்ப்பான். போன வாரம் மிதுனா ஆட்டோவிலேயே தூங்கிப்போனாள்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு டப்பாவை எடுத்து வந்து, சிப்பாயை உள்ளே விட்டு, முதுகில் லேசாகக் கை வைத்துக்கொண்டான். மூன்று நிமிடம் நின்றது. நான்கு குட்டிகள் குடித்தன. இரண்டுக்குக் கிடைக்கவில்லை. துள்ளி ஓடியதை மறுபடி பிடித்து, இரண்டையும் காம்பில் சேர்த்தான். இன்னொரு கோடு, இந்த முறை கழுத்தில்.

சனி காலை டப்பாவை வைத்ததும் தானாகக் குதித்தது. அவன் அறையை விட்டு வெளியே போய் நின்றான். எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஆறு வயிறும் நெல்லிக்காய் மாதிரி உருண்டிருந்தன.

ஞாயிறு ஆறு மணிக்கு டப்பாவை எடுக்கவில்லை.

சிப்பாய் பின்காலால் கூண்டைத் தட்டியது. ஏழு மணிக்கும் தட்டியது. எட்டு மணிக்கும்.

"இன்னைக்கு ஒரு நாள் பொறு. அவளும் பார்க்கட்டும்."

பத்து மணிக்கு வரவேண்டியவள் பத்தே காலுக்கு வந்தாள். சிப்பாய் குட்டி போட்டதை வாசலில் வைத்தே சொன்னான். செருப்பை எங்கே விட்டாள் என்று தெரியாது. டப்பாவைக் கூண்டில் வைத்துவிட்டு, இருவரும் கதவோரம் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள்.

சிப்பாய் டப்பாவுக்குள் குதித்தது. குனிந்து நின்றது. உள்ளேயிருந்து சின்னச் சின்னச் சத்தம் வந்தது.

மிதுனா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அது வெளியே குதித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீரைப் பக்கம் போனது.

"அவ்ளோதானாப்பா? போயிடுச்சு?"

அவன் ஒரு குட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் மல்லாத்தி வைத்தான். மெல்லிய தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தது.

அவள் ஒற்றை விரலால் தொட்டாள். அடுத்ததைக் கேட்டாள். ஆறையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒன்று கொட்டாவி விட்டது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று சண்டை வந்தது.

ஹாரன் அடித்தது.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. பிரியாணி சொல்லவில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. காலையிலிருந்து அடுப்பே பற்றவைக்கவில்லை.

அவள் படியில் இறங்கி ஓடிவிட்டாள்.

பால்கனிக்கு ஓடினான். கீழே அவள் அம்மாவின் வழக்கமான கேள்வி.

"என்ன சாப்பிட்ட?"

மிதுனா வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"வயிறு ஃபுல்லும்மா."