உம் கொட்ட ஓர் ஆள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாய்மொழி வரலாற்று மாநாட்டில் பாதி நாற்காலிகள் காலி. எழிலரசி தன் கட்டுரையின் நடுவே, கண் தெரியாத மீனவர் தொம்மையின் பேட்டியை ஒலிக்கவிட்டாள். மகன் லூர்து புயலில் மாண்டதைச் சொல்லிக்கொண்டே வந்த குரல் சட்டென்று நின்றது. “கேட்டுட்டுதான இருக்கிய?”

பதிவில் பதில் இல்லை. பேட்டி எடுப்பவரின் குரல் விழக்கூடாது, தலையாட்டினால் போதும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பேட்டி எடுத்த அன்று அவள் விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

“இருக்கியளா?” என்றார் தொம்மை பதிவில் மறுபடியும்.

முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். எழிலரசி மைக்கை நெருங்கி, “ம், இருக்கேன்” என்றாள்.

பதிவில் அவர் நீளமாக மூச்சுவிட்டார். “எந்திச்சிப் போயிட்டாவ போல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ கேளுய்யா லூர்து” என்று விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.