படம்: சுகுணா

"சுத்தி வளைக்க வேணாம் சார். அந்தப் படகுப் படத்த எடுத்தது நீங்களா, சுகுணா மேடமா?"

போனில் கேட்டவள் காவ்யா. திருச்சியில் நடக்கப்போகும் பெண் புகைப்படக்காரர்கள் கண்காட்சியின் பொறுப்பாளர். இதுவரை மெயிலில்தான் பழக்கம்.

ரகுநாத் அன்றும் வழக்கம்போல எழுந்தான். மோட்டார் போட்டான். பல் தேய்த்தான். பால் பொங்கும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். திருக்கோகர்ணத்து வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது இந்த அழைப்பு.

"ஏன் கேக்குறேன்னு சொல்லவா சார்?"

"சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீங்க மொதல்ல அனுப்புன படங்களுக்குள்ள, காப்பிரைட்டுங்கிற எடத்துல சுகுணான்னு இருக்கு. பெருசா பிரிண்ட் போட ஒரிஜினல் கேட்டமில்ல? அது எல்லாத்துலயும் ரகுநாத்னு இருக்கு. ஒரு படத்துக்கு ரெண்டு சொந்தக்காரங்களா?"

கேமராவில் ஒருமுறை பெயரை அடித்து வைத்துவிட்டால் போதும். எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது கண்ணுக்குத் தெரியாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். கடை தொடங்கியபோது இரண்டு கேமராவிலும் ரகுநாத் தன் பெயரைத்தான் அடித்தான். ஒன்றை மனைவி சுகுணா தனக்கென்று எடுத்துக்கொண்ட பிறகும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"கேமராவுல எம் பேரு இருந்துச்சுங்க. ஒங்களுக்கு அனுப்ப, அவ கார்டுல இருந்ததையெல்லாம் மொத்தமா சின்ன ஃபைலா கன்வர்ட் பண்ணுனேன். அப்ப அவ பேரப் போட்டு ஓட்டுனேன். எல்லாத்துலயும் ஏறிருச்சு."

"அதான் சந்தேகமே. மொத்தமா ஓட்டுனா ஒங்க படமும் அதுல கலந்திருக்கலாம்ல? பொண்டாட்டி பேரச் சொல்லிப் புருசன் உள்ள வர்றாருங்கிறாரு எங்க நடுவர் ஒருத்தர். ஒண்ணே ஒண்ணு ஒங்களுதுன்னாலும் அத்தனையும் எடுத்துருவோம் சார். மேடம் பேரே வராது."

"வேணாங்க. எடுத்துறாதீங்க."

"அப்ப அந்தப் படகுப் படம்?"

ரகுநாத் திரையைப் பார்த்தான். கோட்டைப்பட்டினத்துக் கடல். முழுதாக விடியாத வெளிச்சம். நாட்டுப்படகின் விளிம்பும் அசையாத தண்ணீரும். ஆள் யாரும் இல்லை.

"எல்லாரும் அதத்தான் மொதல்ல எடுத்து வச்சாங்க," என்றாள் காவ்யா. "படகுலேருந்து யாரோ இப்பத்தான் எறங்கிப் போன மாதிரி இருக்கு. போஸ்டரே அதுதான். சொல்லுங்க."

"அவ எடுத்ததுதான்."

"அப்படின்னா அவங்க எடுத்தது பூராவும் இத்தன நாளா ஒங்க பேருலதான் வெளிய போச்சா? கல்யாண ஆல்பம், பத்திரிகைக்குக் குடுத்தது, எல்லாம்?"

"ஆமாங்க."

"கூசலயா சார்?"

அவனுக்குக் காதுமடல் சுட்டது.

"நானும் ஒங்க பக்கந்தான் சார், அரிமளம். எங்க சித்தப்பாவும் ஒங்கள மாதிரியே. சித்தி வச்ச மீன் கொழம்ப, வந்தவங்ககிட்டல்லாம் 'நம்ம கைப்பக்குவம்'பாரு. சித்தி அடுப்படிக்குள்ளயே நின்னு சிரிக்கும். வெவரம் தெரியிற வரைக்கும் நானும் அவருதான் பெரிய சமையக்காரர்னு நம்பிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"தப்புத்தாங்க."

"எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? அவங்ககிட்டச் சொல்லுங்க. மேடத்துக்கிட்ட போனக் குடுங்க. 'நான் எடுத்தது'ன்னு அவங்க வாயால ஒரு வார்த்த வந்தா முடிஞ்சு போச்சு."

"அவ இப்பப் பேச முடியாதுங்க."

"வெளிய போயிருக்காங்களா?"

"ஆமா."

"பேர்தான் குடுக்கல, போனக்கூடவா குடுக்க மாட்டீங்க? நல்ல ஆளு சார்!" காவ்யாவின் குரல் இறுகியது. "சரி, ஒரு மெயில் போடுங்க. படம் எல்லாமே சுகுணா எடுத்தது, எனக்கு ஒரு உரிமையும் இல்ல, எம் பேரப் போட்டுக்கிட்டது என் தப்புன்னு எழுதுங்க. அத அப்படியே பெருசா அடிச்சு, படத்துக்குப் பக்கத்துல ஒட்டுவோம். வர்றவங்க எல்லாரும் நின்னு படிப்பாங்க. சம்மதமா?"

"ஒட்டுங்க."

அவன் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்தான். அவள் சொன்ன மூன்றையும் சொன்ன வரிசையிலேயே எழுதினான். எந்தச் சமாதானமும் சேர்க்கவில்லை. அனுப்பினான்.

"வந்துருச்சு," என்றாள் காவ்யா. படித்த பிறகு அவள் குரல் தணிந்திருந்தது. "சண்டை போடுவீங்கன்னு நெனச்சேன் சார். இம்புட்டு சுளுவா எழுதிக் குடுப்பீங்கன்னு நெனைக்கல. தெறப்பு அன்னைக்கி மேடத்த மேடையில ஒக்கார வைக்கணும். வருவாங்கல்ல?"

"படத்த வைங்க. அது போதும்," என்று சொல்லிப் போனை வைத்தான்.

மெயிலில் இருந்த மூன்றில் முதலாவது பொய். சுகுணாவின் அஸ்தியைக் கோட்டைப்பட்டினத்துக் கடலில் கரைக்கப் போன விடியற்காலையில், எதற்கென்று தெரியாமலே தோளில் மாட்டிக்கொண்டு போன அவளுடைய கேமராவில், ரகுநாத் எடுத்ததுதான் அந்தப் படகுப் படம்.

அவள் எடுத்த மீன் ஏலப் படம் ஒரு பத்திரிகையில் வந்தபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். கண்ணைத் திறக்காமலே, "எம் பேரு போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். படத்துக்குக் கீழே அவன் பெயர்தான் இருந்தது. "போட்டிருக்காங்க," என்றான்.

அதற்கு அவள் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. "அப்பச் சரி. நீங்க போயி சாப்புட்டு வாங்க."