பெற்றோர் கையெழுத்து

சகாயராஜுக்கு முப்பத்து நான்கு வயது. வெளிநாட்டுக்காரர்களின் கார் தொழிற்சாலையில், பெயிண்ட் பிரிவில் பத்து வருடமாக வேலை. சங்கம் ஆரம்பித்தபோது அவனைத்தான் செயலாளராக்கினார்கள். பேச்சுவார்த்தைக்கு அழைத்து மூன்று முறை எழுதிக் கொடுத்தும், அப்படி ஒரு சங்கம் இருப்பதே தெரியாது என்றது நிர்வாகம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மனிதவள அதிகாரி ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவனைப் பார்க்க அல்ல, அவன் அம்மா ரோசலியைப் பார்க்க.

"பையன் நல்ல பையன்தாம்மா, சேர்க்கைதான் சரியில்ல. இனிமே சங்கத்துப் பக்கம் போகமாட்டான்னு இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

"எனக்கே பள்ளிக்கூடம் போற புள்ளைங்க ரெண்டு இருக்கு சார். என்கிட்ட பேசுங்க," என்றான் சகாயராஜ்.

அதிகாரி அவன் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றி ரோசலியிடம் நீட்டினார். சகாயராஜுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினால், "பார்த்தீங்களாம்மா" என்பார்.

ரோசலி தாளை இரண்டு முறை படித்தாள். "வீடு வீடாப் போய் இப்படிக் கையெழுத்து வாங்குறதுக்கு உங்க அம்மா கையெழுத்து போட்டாங்களா தம்பி?"

அதிகாரி தாளை வாங்கி மடித்துக்கொண்டு எழுந்தார். பட்டியலில் இன்னும் பதினொரு வீடு இருந்தது. வாசலில் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிராமலே சொன்னார்.

"எங்க அம்மாகிட்ட கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லியிருக்கேம்மா."