லேபர் கான்ட்ராக்ட்

"பொருளோட முழுசா எங்ககிட்ட விட்டா வூட்ட முடிச்சு சாவியக் கொடுத்துடுவோம். லேபர் கான்ட்ராக்ட்னா எங்களுக்குக் கூலி மட்டும்தான். செங்கல், சிமெண்ட், கம்பியெல்லாம் நீங்கதான் வாங்கணும்," என்றார் இன்ஜினியர் அறிவரசன்.

"லேபரே போதும்," என்றாள் சாகிரா.

அவள் கணவர் மதாருக்கு எரிச்சல் வந்தது. "சார் மேல நம்பிக்கை இல்லையா?"

சாகிரா சிரித்தாள். கல்யாணமான புதிதில் பெரம்பலூர் கடைத்தெருவில் வளையலுக்காக அவரைக் கடை கடையாக அலையவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு. சேர்ந்து சுற்றியது அந்த ஒரு மாதம்தான்.

"நம்பிக்கை இருக்கு. அதான் பயமாயிருக்கு. சார்கிட்ட விட்டுட்டா எப்பவும்போல லீவு முடிஞ்சதும் துபாய்க்குக் கிளம்பிடுவீங்க. லேபர்னா வூடு முடியறவரைக்கும் இங்க இருந்துதானே ஆவணும்?"

மதார் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"லேபரே போட்டுக்கலாம் சார். அவசரமில்ல, மெதுவாவே கட்டுங்க."