மாலை போட்ட படம்

சிலீரென்று கண்ணாடி உடையும் சத்தம் கேட்டு, வெளியே லைட் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குள் ஓடினார்கள்.

மேக்கப் கண்ணாடி தரையில் சிதறிக் கிடந்தது. வெள்ளைச் சேலையில் நின்ற நடிகை புஷ்பவள்ளி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, மல்லிகை மாலையோடு அவளுடைய படம். கீழே சின்ன விளக்கு எரிந்தது.

"யாரு இத மாட்டினது?"

"நம்ம கிளென்தான்க்கா, வேற யாரு?" என்றார் இயக்குநர் ஹேமநாதன். "உங்க சின்ன வயசு போட்டோவ எங்க தேடிப் புடிச்சானோ. ஆர்ட் டைரக்டர்னா இவன்தான் லா."

"எறக்கச் சொல்லுங்க தம்பி."

"அவன் பெடாஸ் டவுனுக்கு மோட்டார் சைக்கிள்ல போயிருக்கான், சாப்பாடு வாங்க. படம் இல்லாம எப்படிக்கா? செத்துப்போன அம்மா ஆவியா வந்து, தன் படத்துக்குக் கீழயே நிக்கிறா. சீனே அதுதான."

புஷ்பவள்ளிக்குச் சாவு புதிதில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் கதாநாயகிகளுக்கு அம்மாவாக வந்து, காய்ச்சலிலும் விபத்திலும் தீயிலும் செத்திருக்கிறாள். இரண்டு சினிமாவில் முதல் காட்சியே அவளுடைய பாடைதான். "இன்னிக்கு எந்தச் சுவத்துல நான்?" என்று கேட்டுச் சிரித்தபடி செட்டுக்குள் நுழைகிறவள், இன்று சிரிக்கவில்லை.

"இந்தத் தோட்டத்து லயத்த நீங்கதான காட்டினீங்க? இப்பப் பயந்தா எப்படி?"

"எல்லாரும் பாரோய் பக்கம் வீடு மாறியிருப்பாங்க, காலியாத்தான் கெடக்கும்னு நெனச்சேன்."

"மத்த வீடெல்லாம் காலிதான். கூரை ஒழுகுது. இந்த ஒண்ணுதான் வீடு மாதிரி இருக்கு."

வீட்டுக்காரப் பெண் மாதவி கோப்பி கொண்டுவந்தாள். செண்டாயான் தொழிற்சாலையின் சீருடையை இன்னும் மாற்றவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள் புஷ்பவள்ளி.

மாதவி தட்டைக் கீழே வைத்துவிட்டு, விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டாள்.

"கேக்காமலே வேல செய்யுது பாருங்க. சம்பளம் வாங்குற நம்ம பயலுங்க பார்த்துக் கத்துக்கணும்" என்று ஹேமநாதன் சிரித்தார்.

அவள் சமையலறைக்குள் போனதும் புஷ்பவள்ளி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, நடிச்சுக் குடுத்துடறேன். ஆனா நான் இங்கேருந்து போறதுக்குள்ள அந்தப் படத்த எறக்கிடணும். வேற எதுவும் கேக்கல."

"ஷாட் முடிஞ்சதும் எறக்கிடலாம். வாங்க, மழை வருது."

செம்பனை மரங்களுக்கு மேல் வானம் கறுத்திருந்தது. வீட்டுக்குள் விளக்கின் வெளிச்சம் மட்டும். புஷ்பவள்ளி தன் படத்துக்குக் கீழே போய் நின்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு வசனம். கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை, சமையலறை வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா வந்துட்டேன்மா."

ஹேமநாதன் "கட்" சொன்னார்.

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டு எடுத்தால், ஷாட் முடிந்த கையோடு அவரே அதைக் கழற்றிவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அது யூனிட்டின் வழக்கம்.

"கழட்டுங்கக்கா. திருஷ்டி போகட்டும்."

புஷ்பவள்ளி கையை உயர்த்தினாள். வாசலில் மோட்டார் வந்து நின்றது. சாப்பாட்டுப் பொட்டலங்களோடு கிளென் நனைந்தபடி ஓடிவந்தான். கக்கத்தில் பிளாஸ்டிக் சுற்றிய சட்டம் ஒன்று.

"சாரி பாஸ். பெடாஸ்ல ஃபிரேம் கடைக்காரன் லேட் பண்ணிட்டான். இந்தாங்க, அக்கா போட்டோ."

ஹேமநாதன் அவன் கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். புஷ்பவள்ளியின் கை மாலைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

சமையலறை வாசலில் நின்ற மாதவி, புஷ்பவள்ளி பக்கம் திரும்பாமல் இயக்குநரிடம் சொன்னாள்:

"அவங்கள அதத் தொட வேணாம்னு சொல்லுங்க சார். எங்கம்மா நடிக்கப் போன அன்னிக்கு எங்கப்பா மாலை போட்டு மாட்டின படம் அது."