காலில் ஏறிய சூடு

இன்சுலின் குப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய், ஆறு நாள் கழித்துக் குளச்சலுக்குத் திரும்பி வந்த டாக்டர், நீரிழிவுக்காரரான இன்னாசியின் ஆறாத கால்புண்ணைப் பார்த்தார்.

"சும்மா கெடந்த காலு, ஐயா," என்று அழுதாள் மனைவி செலஸ்தீனாள். "கம்பவுண்டர் ஒங்க சீம மருந்த நாலு ஊசி போட்டாரு. செவந்து வீங்கி, தீயாட்டுப் பொள்ளுது. காய்ச்சல் வேற."

டாக்டரின் முகம் மலர்ந்தது.

"அழாதீங்கம்மா. சர்க்கரை கூடினதால ரத்தம் கிருமியோட சண்டை போடாமப் படுத்துக் கெடந்தது. இன்சுலின் இப்பத்தான் எழுப்பி விட்டிருக்கு. அந்தச் சூடுதான் சண்டை. இனி ஒரு ஊசிகூடத் தவறக்கூடாது. அடுத்த குப்பி கப்பல்ல வர ஒரு மாசமாகும். மிச்சத்த எடுங்க."

செலஸ்தீனாள் குப்பியை நீட்டினாள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, எண்ணெயா?"

"சவேரியார் கோயில் வெளக்குல எடுத்தது, ஐயா. மருந்த வெஷமுன்னு நெனச்சு, நேத்தைக்கே கடல்ல கொட்டிட்டேன்."