ஏழாவது வரி

அப்பா அன்று சொன்னதை நான் முழுசாக நம்பியதே இல்லை. நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. முப்பது வருஷமாக நம்பாமலே, அதை வைத்துப் பிழைத்தும் விட்டேன்.

கல்லூரி முடித்து ஒன்பது மாதம் சும்மா இருந்தேன். அப்பா ஃபோர்மேனாக இருந்த அச்சகத்தில் புரூஃப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஒரே ஒரு ஆள். வடிகட்டிக் கடைசியில் நின்றது இரண்டு பேர். நானும் என் வகுப்புத் தோழனும்.

அவனுக்குக் கல்லூரியில் ‘கழுகு’ என்று பேர். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் எழுத்துப்பிழையைக் கொத்திவிடுவான்.

அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள்.

“முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாயா வலிக்கும்?”

“சொல்ல மாட்டேன். தகுதி இருந்தா உள்ள வரட்டும். இல்லேன்னா வெளிய நிக்கட்டும்.”

“நீங்க பெத்த பிள்ளைங்க அவன்!”

“அதனாலதான் சொல்ல மாட்டேங்கறேன்.”

அன்று எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அச்சக மாடியில் தேர்வு. யாரோ ஒருவரின் மரண அறிவிப்பு; வேண்டுமென்றே இருபது பிழைகள் வைத்து அடித்திருந்தார்கள். பிழையின் கீழே பென்சிலால் கோடு போட வேண்டும். அவ்வளவுதான்.

அப்பாதான் தாள்களைக் கொடுத்தார்.

“பேர் எழுதக் கூடாது. முடிச்சதும் நம்பர் சீட்டை நானே ஒட்டுவேன். எது யாரோடதுன்னு முதலாளிக்கே தெரியக் கூடாது. நாளைக்கு ஒருத்தரும் என்னை நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசிடக் கூடாது.”

முதலாளி அசந்துபோனார். “ஃபோர்மேன்னா இப்படி இருக்கணும்யா!”

வெளியே டீக்கடையில் கழுகுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“டேய், ஏழாவது வரி பார்த்தியா? ‘ஆழ்ந்த இறங்கல்’! பெரிய ‘ற’ போட்டு வெச்சிருக்கான். செத்தவருக்கு வருத்தப்படச் சொன்னா, மாடிப்படியில இறங்கச் சொல்றான்!”

“ம்” என்றேன், டீயை ஊதிக்கொண்டே.

“இருபதும் சிக்கிடுச்சு. உனக்கு?”

“எனக்கும்தான்.”

“அப்போ முதலாளி பூவா தலையா போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.” சிரித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். “கோவிச்சுக்காதடா. இது எனக்கு வரணும். பஞ்சாலைத் தூசு அம்மாவுக்கு நெஞ்சுல இறங்கிடுச்சு. படுத்தா மூச்சு வாங்குது. வேலை கிடைச்ச அன்னைக்கே ஆலையிலேருந்து நிறுத்திடுவேன்.”

சாயங்காலம் அப்பா வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உனக்கு இருபது. அவனுக்குப் பத்தொன்பது. ‘இறங்கல்’ல கோட்டை விட்டுட்டான்.”

அம்மா சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடினாள்.

மறுநாள் கழுகு வந்தான். உள்ளே வரவில்லை.

“நான் கோடு போட்டேன் சார். கண்ணால பார்த்துப் போட்டேன்.”

“போட்டதா நினைச்சிருப்பே தம்பி. தாள் பொய் சொல்லுமா?”

அவன் என் பக்கம் திரும்பினான். “நீ சொல்லுடா. டீக்கடையில உங்கிட்ட சொன்னேன்ல?”

“சொன்னே. ஆனா நீ கோடு போட்டதை நான் பார்க்கலையே.”

கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான்.

நான் அச்சகத்தில் சேர்ந்தேன். அவன் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் தேர்வு எழுதினானாம். ஒவ்வொரு விடையையும் நாலு தடவை அடித்து அடித்து எழுதி, நேரம் போதாமல் எழுந்து வந்தானாம். அப்புறம் எதற்கும் மனுப் போடவில்லை. ஒரு பார்சல் கிடங்கில் மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்தான். அவன் அம்மா ஆலைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தாள், ஆலையே அவளை வேண்டாம் என்று சொல்லும்வரை.

போன வாரம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது.

“அம்மா போயிட்டாங்கடா. வந்து விசாரிச்சவங்களுக்கு நன்றி சொல்லி ஒரு அறிவிப்பு அடிக்கணும். நீதானே இப்போ இங்க தலைமை? கொஞ்சம் பார்த்துக் கொடு.”

தாளை நீட்டினான்.

“இந்த ‘இரங்கல்’ இருக்கே, சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா? எனக்கு இப்பல்லாம் எதுவுமே நிச்சயமா தெரியலை.”

அந்த வார்த்தையை மூன்று தடவை அடித்து எழுதியிருந்தான். அடித்த மூன்றும் சரி. அடிக்காமல் விட்டதும் சரி.

“சின்ன ‘ர’தான்” என்றேன்.

“நல்லவேளை, உன்னைக் கேட்டேன்” என்றான்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். எண்பத்து மூன்று வயது. காது இன்னும் நன்றாகவே கேட்கிறது.

“என்னடா, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார்.

“அப்பா, அன்னைக்கு ஏழாவது வரியில கோடு போடாதவன் நான். அப்புறம் எப்படிப்பா சீட்டு மாறுச்சு?”